நிலத்தில் ஏன் கலர் விழவில்லை?

அன்பின் அக்காவுக்கு,

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை 19 பிள்ளைகள். பொங்கல் நேரம் நீங்கள் பட்டம் கட்டுவது பற்றி எழுதியதை வாசித்துவிட்டு நானும் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தேன். மிச்சம் கிடந்த மெல்லிய ரிசு பேப்பரில் வேறு என்ன செய்யலாம் என்று யூடியூப்பில் தேடியபோது, தேவாலய யன்னல்களில் இருக்கும் கலர்க் கண்ணாடி மாதிரிச் செய்கிற ஒன்று வந்தது. கறுப்பு மட்டை வாங்க முல்லைத்தீவு ரவுணுக்குப் போய், இரண்டு இரவு விழித்திருந்து அந்த மட்டையில் 19 மீன் உருவம் வெட்டினேன். பிள்ளைகள் ஒட்டியதும் எல்லாம் பாழ். பசை கூடிப் பேப்பர் கிழிந்தது, கலருக்கு மேல் கலர் ஒட்டிக் கறுத்துப்போனது, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. கண்காட்சிக்கு வைக்கவேண்டும் என்பதால் 19 மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய பேப்பரை உரித்துவிட்டு நானே திருப்பி ஒட்டினேன். பார்த்தவர்கள் வடிவு என்றார்கள். ஒரு தாய் மட்டும், "உந்த வெளிநாட்டு விளையாட்டை விட்டுட்டு அ, ஆ எழுதப் பழக்கினால் என்ன ரீச்சர்?" என்று கேட்டார்.

தேவாலயத்தில் வெயில் வந்தால் யன்னலின் கலரெல்லாம் நிலத்தில் விழும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். ஒரு சின்னவள் தன் மீனைப் பார்த்துவிட்டு, "இது ஏன் ரீச்சர் நிலத்தில விழேல்லை?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை இனியும் செய்யலாமா, விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஒரு முன்பள்ளி ஆசிரியை

*

அன்பின் ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் கேட்பதற்கும் சொல்வதற்கும் எத்தனையோ இருக்க, அந்தச் சின்னவளின் கேள்விதான் என்னை இரண்டு நாளாக விடவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பஸ்ஸில் வடை வாங்கினால் பழைய கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். வடை முடிந்த பிறகு அந்தத் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருக்கிறீர்களா? எண்ணெய் பட்ட இடம் மட்டும் யன்னல் திறந்த மாதிரி இருக்கும், யாரோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கைப் பின்பக்கத்திலிருந்தும் வாசிக்கலாம். தாள் என்பது நார்களும் நார்களுக்கு நடுவே காற்றும். ஒளி நாருக்குள் புகுந்து காற்றுக்கு வந்து திரும்ப நாருக்குள் புகுந்து, ஒவ்வொரு முறையும் திசை மாறித் தடுமாறுகிறது. எண்ணெய் போய் அந்தக் காற்று இருந்த இடத்தை நிரப்பிவிட்டால் தடுமாற்றம் குறைந்து ஒளி நேரே போய்விடும். கண்ணாடிக்குள்ளோ நார் என்ற கதையே கிடையாது, அதனால்தான் தேவாலய யன்னலின் சிவப்பும் நீலமும் அப்படியே நிலத்தில் போய் விழுகிறது. ரிசு பேப்பரில் வந்த ஒளி நாலு பக்கமும் சிதறிப்போகிறது. பேப்பர் தானே விளக்கு மாதிரி ஒளிரும், ஆனால் தூரத்தில் இருக்கும் நிலத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கலர் பரந்து கரைந்து, மற்ற வெளிச்சத்தோடு கலந்துவிடும். வெசாக் கூட்டைப் பாருங்கள், அதுவும் ரிசு பேப்பர்தான். உள்ளே இருக்கும் பல்ப் தெரியாது, கூடு முழுக்கத்தான் ஒளிரும். அந்தச் சிதறல்தான் அதன் அழகே.

இதை மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். சொல்லவே வேண்டாம், காட்டுங்கள், எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன்.

அப்புறம் கறுத்துப்போன கதை. சிவப்புப் பேப்பர் செய்கிற வேலை சிவப்பைக் கொடுப்பது அல்ல, மற்ற நிறங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சிவப்பை மட்டும் போகவிடுவது. அதன்மேல் நீலத்தை ஒட்டினால் அது சிவப்பையும் பிடித்துவிடும், பிறகு வெளியே வர என்ன மிச்சம்? மஞ்சளும் நீலமும் பச்சையாவது வேறு கதை, இரண்டுமே கொஞ்சம் பச்சையைப் போகவிடுகிற ஆட்கள். ஆகவே முதல் நாள் பிள்ளைகளிடம் மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் கொடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் பச்சை வந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை போடுகிற சத்தத்தில் அன்றைய வகுப்பு தானாக நடக்கும். இன்னொரு நாள் மஞ்சளும் சிவப்பும். மூன்று நான்கு கலரை ஒன்றாகக் கொடுக்க ஒரு மாதம் போகட்டும்.

சிவப்போடு மல்லுக்கட்டியது நீங்கள் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் பழைய காலத்துக் கண்ணாடிக்காரர்கள் செம்பு கலந்து சிவப்பும் கோபால்ட் கலந்து நீலமும் எடுத்தார்கள். நீலம் பிரச்சினை தரவில்லை. செம்பு கலந்த சிவப்போ கொஞ்சம் தடித்தாலே கறுப்பாகத் தெரியும், வெளிச்சம் வராது. அதற்கு அவர்கள் கண்ட வழி, வெறும் கண்ணாடியின்மேல் சிவப்பை மெல்லிய தோல் மாதிரி ஏற்றுவது. உங்களுக்கும் அதே வழிதான்: சிவப்பு ஒரே ஒரு தாள், அதோடு நிறுத்து.

கறுப்பு மட்டை வாங்க ரவுணுக்குப் போனேன் என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் காசும் அலைச்சலும் வீண் என்று சொன்னால் கோபிக்கக்கூடாது. தேவாலய யன்னலில் கலர்த் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பட்டி. ஈயம் கறுப்பு இல்லை, சாம்பல் நிறம். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது ஒளி புகாத எதுவும் கறுப்பாகத்தான் தெரியும், அவ்வளவுதான் விஷயம். பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி வெயிலுக்கு எதிரே பிடித்தால் அதுவும் கறுப்பு. சவர்க்காரப் பெட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் கறுப்பு. நடுவில் கோடு வேண்டுமா, தென்னோலை ஈர்க்கை முறித்து வைத்து ஒட்டுங்கள், பிள்ளைகளே முறிப்பார்கள். மீன் வெட்டவும் வேண்டாம். மட்டையில் ஒரு பெரிய ஓட்டை, சதுரமோ வட்டமோ, அது போதும். மீன் என்று வெட்டிவிட்டால் அது உங்கள் மீன் ஆகிவிடுகிறது, பிள்ளைக்கு அதை நிரப்புகிற கூலிவேலைதான் மிச்சம்.

பசை. கோதுமை மாவில் காய்ச்சிய பசையா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பேப்பர் கிழிந்தது என்றால் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டத்துக்கு அது திறம். இதற்குச் சரிவராது, காய்ந்தால் வெள்ளையாக மங்கிப்போகும். ஒரு முறை நான் மாப்பசையில் செய்து யன்னல் கம்பியில் கட்டிவிட்ட பூ ஒன்றை ஒரே இரவில் கரப்பான் தின்று நரம்பை மட்டும் விட்டுவைத்தது. உண்மையைச் சொன்னால் தின்ற பிறகுதான் வடிவாக இருந்தது. வெள்ளையாக வருகிற பைண்டர் கம் வாங்குங்கள், ஒரு பங்கு கம்முக்கு ஒரு பங்கு தண்ணீர். காய்ந்தால் தெளிந்துவிடும். கொப்பிக்கு உறை போடுகிற பொலித்தீனை மேசையில் விரித்து, அதன்மேல் கம்மைப் பூசி, துண்டுகளை வைத்து, மேலே இன்னொரு பூச்சு. முழுக்க நனைந்தால் நல்லது, கம்மும் எண்ணெய் மாதிரியே நார்களின் இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் விட்டு (மாரி என்றால் இரண்டு நாள்) பொலித்தீனை மெல்ல உரித்தால் கலர்த் தோல் மாதிரி ஒரே தாளாகக் கழன்று வரும். அதை மட்டைக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். மலிவான ரிசு பேப்பரின் சாயம் தண்ணீர் பட்டால் ஓடத்தான் செய்யும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுச் சட்டையோடு இருத்துங்கள்.

கத்தரிக்கோலையும் அன்றைக்கு எடுக்கவேண்டாம். கையால் கிழிக்கட்டும். ரிசு பேப்பரை ஒரு பக்கமாகக் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேரே வரும், மற்றப் பக்கமாகக் கிழித்தால் கோணல் மாணலாகப் போகும், ஏனென்றால் மெசினில் தாள் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரு திசையில்தான் படிகின்றன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். தாங்களே கண்டுபிடித்து, "இந்தப் பக்கம் நல்ல பிள்ளை, அந்தப் பக்கம் குழப்படி" என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

அந்தத் தாய்க்குப் பதில் இதில்தான் இருக்கிறது. மெல்லிய தாளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து, இரண்டு கையையும் எதிரெதிரே இழுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்துவது சின்ன விரலுக்குப் பெரிய வேலை. பென்சில் பிடிக்கிற விரலும் அதே விரல்தான். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம், அன்றைக்கு யாரும் பிள்ளையிடம் பென்சிலைத் தருவதில்லை. அந்த அம்மாவை ஒரு நாள் வகுப்புக்கு வரச்சொல்லி, பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து அவரையும் கிழிக்கவிடுங்கள். வாதாடுவதைவிட அது சுகம்.

வெளிநாட்டு விளையாட்டு என்றாராம். சரி, வெளிநாடுதான். பிரான்ஸில் ஷார்த்ர் என்ற ஊர்த் தேவாலயத்தின் கண்ணாடிகள் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் செய்தவை. 1939இல் யுத்தம் வருகிறது என்றதும் அவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து ஒளித்துவைத்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து பூட்டினார்கள். இதை முதலில் வாசித்தபோது எனக்குக் கண்முன் வந்தது வன்னியில் யுத்தம் நடந்த 2008தான். கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் யன்னலையும் கழற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு இடத்துக்கு இடம் போனோமே. எங்கள் வீட்டு யன்னல் நாலு இடம் வந்தது, ஐந்தாவது இடத்துக்கு வரவில்லை. யன்னலைக் கழற்றிக்கொண்டு ஓடுகிற மனம் நமக்கு அந்நியமா என்ன? அந்தத் தாயும் அப்போது எங்கேயாவது ஒரு மெசின் பெட்டியில் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார்.

இனிக் கண்காட்சி. திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, நானும் செய்திருக்கிறேன். படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு பிள்ளை ஒட்டிய பூச்சாடியை இரவோடு இரவாகத் திருத்தி வைத்தேன். மறுநாள் அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசை முழுக்கத் தன் பூச்சாடியைத் தேடினாள். தன் பெயர் எழுதியிருந்த அதன் முன்னால் நின்றும் அடையாளம் தெரியாமல், "என்ரை காணேல்லை" என்றாள். வாசிக்கத் தெரியாத பிள்ளை, பெயரை வைத்து என்ன செய்யும்? அதற்குப் பிறகு நான் பிள்ளை ஒட்டியதில் கை வைப்பதில்லை. கறுத்ததோ கிழிந்ததோ அப்படியே தொங்கட்டும்.

எங்கே தொங்கவிடுவது என்பது முக்கியம். சுவரில் ஒட்டினால் அது வெறும் கலர்த் தாள், பின்னாலிருந்து வெளிச்சம் வரவேண்டும். உங்கள் முன்பள்ளியும் அரைச்சுவரும் கம்பிவலையுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் கிழக்குப் பக்கத்துக் கம்பிவலையில் நூலால் கட்டுங்கள். காலை எட்டு எட்டரைக்கு வெயில் சாய்வாகத் தாழ்வாரத்துக்குக் கீழால் உள்ளே வரும், பத்து மணிக்குப் பிறகு கூரை மறைத்துவிடும். நாலு மூலையையும் கட்டாவிட்டால் சோளகம் தொடங்கியதும் ஒரு கிழமையில் எல்லாம் பறந்துவிடும். வெயிலில் சாயமும் வெளுக்கும். கண்ணாடியில் சேர்ந்த கோபால்ட் வெளுக்காது, ரிசு பேப்பர் வெளுக்கும், வெளுத்ததும் புதிதாகச் செய்யுங்கள்.

அந்தச் சின்னவளுக்கு வருகிறேன். அவளையே ஒன்று புதிதாக ஒட்டச் சொல்லி, காய்ந்ததும் இருவருமாக முற்றத்துக்குப் போங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை நிலத்தில் வைத்து, அதற்கு மேலே ஒரு விரல் உயரத்தில் அவள் ஒட்டியதை வெயிலில் பிடிக்கச் சொல்லுங்கள். தாளில் கலர் விழும். மெல்ல மெல்ல உயர்த்தச் சொல்லுங்கள், உயர உயரக் கலர் பரந்து மங்கிக்கொண்டே போகும். திரும்ப இறக்கினால் திரும்ப வரும். பிறகு பூங்கொத்துச் சுற்றி வருகிற, ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரிகிற கலர்த் தாள் ஒரு துண்டு கிடைத்தால் அதையும் கையில் கொடுங்கள், அதை எவ்வளவு உயர்த்தினாலும் கலர் நிலத்தை விட்டுப் போகாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், அவள் சொன்ன மாதிரியே.

அன்புடன்,
அக்கா