புலி வருது விளையாட்டு

சார், வணக்கம்.

என் மகனுக்கு நாலரை வயது. கொஞ்ச நாளாகப் பொய் சொல்கிறான். சுவரில் கிறுக்கிவிட்டு, கையில் கிரேயானோடு நின்றுகொண்டே ‘நான் இல்லை’ என்கிறான். திட்டுவதைவிடக் கதை சொல்லித் திருத்தலாம் என்று ஒரு வாரம் தினமும் ‘புலி வருது’ கதையைச் சொன்னேன். ‘அதனால்தான் பொய் சொல்லக் கூடாது’ என்று முடித்தும் வைத்தேன். பொய் நிற்கவில்லை. இப்போது வீடு முழுக்க ‘புலி வருது’ என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். நாங்கள் திரும்பிப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பழைய கதையெல்லாம் பயமுறுத்தல்தான், விட்டுவிடு என்கிறார் கணவர். நீதி சொல்லி முடிக்க வேண்டுமா, கூடாதா? இந்த வயதில் இந்தக் கதைகளால் பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகனை எனக்குப் பிடித்திருக்கிறது. தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று பிடிபட்ட பிறகுதான் குழந்தைக்குப் பொய்யே சொல்ல வரும். கிரேயானையும் மறைக்க வேண்டும் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். அவன் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தக் கதையில் குஷியாக இருப்பது யார்? ஊரையே இரண்டு தடவை ஓடவிட்டுச் சிரிக்கிற பையன். புலி வருவது கடைசி இரண்டு வரியில். நாம் நீதியை முடிவில் வைக்கிறோம். குழந்தையோ ஆரம்பத்திலிருந்தே யாரோடு சேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்துக்கொண்டு வருகிறது.

இது பழைய புகார். காக்காவைப் புகழ்ந்து ஏமாற்றும் நரியின் கதை பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் (அங்கே வடை கிடையாது, பாலாடைக்கட்டி). பிள்ளைகள் காக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் நரியின் பக்கம் போய்விடுவார்கள் என்று தத்துவவாதி ரூசோ 1762-லேயே எழுதினார். அதற்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளே வேண்டாம் என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மருந்தில் கோட்டை விட்டுவிட்டார்.

2014-ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். மேஜையில் ஒரு பொம்மையை வைத்து, ‘எட்டிப் பார்க்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். திரும்பி வந்து ஒரு கதை வாசிப்பார். அப்புறம், ‘பார்த்தாயா?’ என்று கேட்பார். உங்கள் புலிக் கதையின் ஓநாய் வடிவமும் பலிக்கவில்லை, பொய் சொன்னால் மூக்கு நீளும் பினாக்கியோவும் பலிக்கவில்லை. பொய்க்குச் சம்பந்தமே இல்லாத ஆமை முயல் கதையைக் கேட்ட பிள்ளைகளைவிட இவர்கள் அதிகம் உண்மை சொல்லிவிடவில்லை. பலித்தது, பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கும் கதை. அதன் முடிவை மாற்றி, பொய் சொன்னதால் கெட்டான் என்று சொன்னதும் அந்தப் பலனும் போய்விட்டது. (இதில் வேடிக்கை, அந்த மரம் வெட்டிய சம்பவமே வாஷிங்டனின் வாழ்க்கையை எழுதிய மேசன் வீம்ஸ் 1806-ல் சேர்த்துவிட்ட கட்டுக்கதை என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள்.)

ஆகவே கொஞ்ச நாளைக்குப் புலியை விட்டுவிட்டு விறகுவெட்டியின் கோடரிக் கதையைச் சொல்லுங்கள். தங்கக் கோடரியைக் காட்டி ‘இதுவா?’ என்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ‘இல்லை’ என்பதை அவனே சொல்லட்டும். வெள்ளிக் கோடரிக்கும் அவனே சொல்லட்டும். மூன்றும் கைக்கு வரும்போது வாங்கிக்கொள்வது விறகுவெட்டி மட்டுமல்ல.

முடிவில் நீதி வேண்டாம். சொன்னால் கதை அங்கேயே முடிந்துபோகும், கேள்வி வராது. என் தம்பி மகளுக்கு ஐந்து வயதில் குரங்கும் முதலையும் கதையைச் சொன்னேன். பஞ்சதந்திரத்தின் நான்காவது தந்திரத்துக்கு அடிப்படையே அந்தக் கதைதான். நடு ஆற்றில், முதலையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, ‘இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே’ என்று சொல்லிக் குரங்கு தப்பிக்கிறது. சமயோசிதம் என்று ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். அவள், “குரங்கு பொய் சொல்லுச்சே பெரியப்பா, அது பரவாயில்லையா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. “நீயாயிருந்தால் என்ன செய்வாய்?” என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் போர்வை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். “நான் முதலை மேல ஏறவே மாட்டேன்” என்றாள். அந்தக் கதையை நாற்பது வருடமாகத் தெரிந்த எனக்கு அது தோன்றியதில்லை.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி. தூங்கப் போகும் பிள்ளைக்குப் புலி எதற்கு? பகலில் சொல்லலாம். பயந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள், கதைசொல்லிகள் காலகாலமாகச் செய்கிற வேலைதான். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களே 1812-ல் வந்த முதல் பதிப்பில் கொடிய அம்மாவாக இருந்தவரைப் பிறகு மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள்.

ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வேஷத்தை மாற்றுங்கள். ஒரு நாள் அவன் ஊர்க்காரனாக இருக்கட்டும். நீங்கள் சமையலறையிலிருந்து ‘புலி வருது’ என்று கத்துங்கள். அவன் ஓடி வரும்போது புலியும் இருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது. நீங்கள் சிரிக்க வேண்டும். இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கூப்பிட்டால் வருகிறானா, வந்தால் என்ன முகத்தோடு வருகிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.