நெடுஞ்சாலைக் கல் நட்டுவிட்டார்கள், நிலத்தை இப்போதே விற்றுவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஈரோட்டுக்கும் கோவைக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் போகிற தேசிய நெடுஞ்சாலையை வெளியே தள்ளிப் புது வழியில் கொண்டுபோகிறார்கள். ரயில்வே கேட்டை மூடி மேம்பாலம் வருகிறது, தண்டவாளத்தையும் கொஞ்சம் நகர்த்தப் போவதாகச் சொல்கிறார்கள். எனக்கு 62 சென்ட் நிலம். முன்பக்கம் 18 சென்ட் போகும்படி கல் நட்டிருக்கிறார்கள். பின்னால் எட்டுத் தறி ஓடும் கூடமும் ஒரு கிணறும் இருக்கின்றன. கல் நட்டு ஒன்றரை வருடமாகியும் யாரும் வரவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு புரோக்கர் வந்து, “அண்ணா, கல்லைப் பத்தடி தள்ளி நட வச்சிடறேனுங்க, இல்லீன்னா எனக்குப் பவர் எழுதிக் குடுத்துடுங்க, டபுள் மடங்கு வாங்கித் தர்றேன், இருபது பர்சன்ட் போதும்” என்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முழு இடத்தையும் இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். பவரும் எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கல் நட்டது அளவை வேலை மட்டுமே. உங்கள் நிலத்தின் கதி கல்லால் முடிவாவதில்லை, அரசிதழால் முடிவாகிறது. தேசிய நெடுஞ்சாலை என்பதால் 1956-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் பொருந்தும். அதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியவை இரண்டே அறிவிக்கைகள். முதலாவது 3ஏ: “இந்த நிலத்தை எடுக்க எண்ணியிருக்கிறோம்” என்பது. அது வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். இரண்டாவது 3டி: “எடுத்துவிட்டோம்” என்பது. 3டி அரசிதழில் வந்த நிமிடத்திலிருந்து நிலம் மத்திய அரசுடையது. உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வராத நிலையிலும் அப்படித்தான். ஆனால் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயித்து, அதிகாரியிடம் பணத்தைக் கட்டிவைத்து, 60 நாள் அவகாசத்துடன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் நிலத்தை ஒப்படைக்கச் சொல்ல முடியும். அதற்கு முன் யாராவது ஜேசிபியோடு வந்தால் அந்த நோட்டீஸைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கதையில் முக்கியமானது அந்த ஒன்றரை வருடம்தான். ஆனால் கணக்கு ஓடுவது கல் நட்ட நாளிலிருந்து அல்ல, 3ஏ தேதியிலிருந்து. 3ஏ வெளியாகி ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் 3ஏ காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து 3ஏ வெளியிட வேண்டும், உங்களுக்கும் புதிதாக 21 நாள் கிடைக்கும். நிலத்தின் மதிப்பைக் கணக்கிடுவது 3ஏ தேதியை வைத்து என்பதால், புது 3ஏ என்றால் புது விலை. அதனால் தாமதம் உங்களுக்கு எதிரி என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மெதுவாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். அந்த 3ஏ அறிவிக்கையின் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தால், தடை இருந்த காலம் ஓராண்டுக் கணக்கில் சேராது. தடை வாங்கியது நீங்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர், அதே அறிவிக்கையில் வேறொரு சர்வே எண்ணுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். உதாரணத்துக்கு, அறிவிக்கை வந்த நான்காவது மாதம் தடை விழுந்து, எட்டு மாதம் நீடித்து, பிறகு விலகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியில் ஓராண்டு முடிந்திருக்கும், சட்டத்தின் கணக்கில் நாலு மாதம்தான் ஓடியிருக்கும். அவருடைய தடை அவர் நிலத்தோடு நிற்குமா, மொத்த அறிவிக்கையையும் நிறுத்துமா என்பது அந்த உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. “ஓராண்டு தாண்டிவிட்டது, இனி அரசால் தொட முடியாது” என்று டீக்கடையில் சொல்வதை நம்பிப் புதுக் கட்டடம் எழுப்பிவிடாதீர்கள். தடை உத்தரவு ஏதாவது உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே ஓராண்டு முடிந்ததாக எண்ணுங்கள்.

எங்கே கேட்பது? நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அதிகாரி பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் இருப்பவர். அவர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எழுதி நான்கைக் கேளுங்கள்: 3ஏ அரசிதழ் தேதி, 3டி அரசிதழ் தேதி, தடை உத்தரவு இருந்தால் அதன் நகல், உங்கள் எண்ணில் எடுக்கப்படும் பரப்பு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பூமிராசி இணையதளத்திலும் அறிவிக்கைகள் ஏறுகின்றன. 3ஏ-வின் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று தமிழில் இருக்க வேண்டும் என்பது சட்டம். போடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பொடி எழுத்தில், வெறும் சர்வே எண்களாக, யார் கண்ணிலும் படாதபடி போடுகிறார்கள். 62 சென்ட் வைத்திருக்கிறவர் தினமும் விளம்பரப் பக்கத்தில் தன் சர்வே எண்ணைத் தேடிக்கொண்டா இருப்பார்? ஆளுக்கொரு தபால் அனுப்ப என்ன செலவாகிவிடும்?

சரி, களத்தில் வேலை எங்கே நிற்கிறது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லலாம். ரயில்வே எல்லைக்குள் வருவதை ரயில்வே கட்டும் அல்லது அதன் மேற்பார்வையில் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் அணுகுசாலை நெடுஞ்சாலைக்காரர்கள் பொறுப்பு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தூண் எழும்புவது ரயில்வேயின் சொந்த நிலத்தில். உங்கள் நிலம் எடுக்கப்பட்டதற்கு அது அடையாளமே இல்லை. கோவை எஸ்.ஐ.எச்.எஸ். காலனி மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். அணுகுசாலைக்கு நிலம் கிடைக்காமல் எத்தனை வருடம் அப்படியே நின்றது!

தண்டவாளத்தை நகர்த்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் சிக்னல் கேபிள், மின்கம்பி, குடிநீர்க் குழாய் மாறும். பிறகு பக்கத்தில் புது மண்கரை எழுப்பி, ஜல்லி கொட்டி, புதுப் பாதை போட்டு, மேலே மின்கம்பி இழுப்பார்கள். கடைசியில் ரயிலைச் சில மணி நேரம் நிறுத்தி, பழைய பாதையை அறுத்துப் புதியதோடு இணைப்பார்கள். ரயில் பாதுகாப்பு ஆணையரின் அனுமதி இல்லாமல் அதில் பயணிகள் ரயில் ஓடாது. ஜோலார்பேட்டை – ஷொரனூர் வழித்தடத்தில் ரயிலை நிறுத்தித் தரும் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகுதான் அந்த இடத்தில் ரோட்டுக்கு மண் விழும். ஆகவே புது மண்கரை தென்படாதவரை, “அடுத்த மாசம் ரோடு வந்துடும்” என்று சொல்கிறவர் உங்களை அவசரப்படுத்தத்தான் சொல்கிறார்.

இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதி தாமதம் இருக்காது. ரயில்வே ஒரு வரைபடத்தைத் திருத்தும், நெடுஞ்சாலைத் துறைக்கு அது மாதக்கணக்கில் போய்ச் சேராது, வருவாய்த் துறை பழைய வரைபடத்தின்படி கல் நடும். நடுவில் தாசில்தார் மாறுவார். இதனால் உங்களுக்கு ஒரு நேரடி ஆபத்து உண்டு: ஒரே சர்வே எண்ணில் ரோட்டுக்குத் தனியாக, தண்டவாளத்துக்குத் தனியாக என இரண்டு நோட்டீஸ் வரலாம். ரயில்வே சட்டத்தின்படி சிறப்புத் திட்டமாக எடுத்தால் ஆட்சேபத்துக்கு 30 நாள். ஒன்றுக்குப் பதில் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது பணம். 2015 ஜனவரி 1 முதல், 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் நெடுஞ்சாலை நிலத்துக்கும் உண்டு. வழிகாட்டி மதிப்பு ஒருபுறம், மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி மறுபுறம், இரண்டில் எது கூடுதலோ அது சந்தை மதிப்பு. கிராமப் பகுதியானால் அதை அரசு நிர்ணயித்த மடங்கால் பெருக்குவார்கள். கிணறு, மரம், கட்டடம் தனியாகச் சேரும். மொத்தத்தின் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் வேறு. புரோக்கர் சொல்கிற “டபுள்” இதுதான். சட்டமே உங்களுக்குத் தருவதை அவர் தன் சாமர்த்தியம் என்று விற்கிறார், அதற்கு இருபது பர்சன்ட் கேட்கிறார். வழக்கில் ஜெயிக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. இவருக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

கல்லைப் பத்தடி நகர்த்துகிறேன் என்பது பச்சைப் பொய். சாலையின் மையக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. கல்லைப் பிடுங்கி நட்டாலும் கோடு நகராது. இதைச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள் நம் பக்கத்தில் அவிநாசி முதல் மதுக்கரை வரை இருக்கிறார்கள். போகப்போகிற இடம் என்று தெரிந்தே அதை சைட் போட்டு விற்கிறவர்கள் இன்னொரு கூட்டம். 3டி வந்த பிறகு வாங்கியவர் கையில் இருப்பது முத்திரைத்தாள்தான், நிலம் இல்லை.

நம் ஊர்க்காரர்களிடம் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். கிரயப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதி, மீதியைக் கட்டாகக் கைமாற்றுவது கொங்குச் சீமை முழுக்கப் பழக்கம். நிலம் எடுக்கும் நாளில் அதிகாரி பார்ப்பது அந்தப் பத்திரங்களைத்தான். ஊரே குறைத்து எழுதியிருந்தால், சென்ட் என்ன விலை போகிறது என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் அவரால் கூட்டித் தர முடியாது. உங்கள் சுற்றுவட்டாரத்தில் நல்ல விலைக்குப் பதிவான கிரயங்கள் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்து இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

போகிற 18 சென்டை விட, மிஞ்சுகிற 44 சென்ட்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மின்மயமான பாதைக்கு மேல் போகும் பாலம் தண்டவாளத்திலிருந்து எட்டு மீட்டர் அளவுக்கு உயர வேண்டியிருக்கும். முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் அதற்கு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம் ஏற்றம் வேண்டும். உங்கள் இடம் அந்த நீளத்துக்குள் விழுந்தால், வாசலில் ரோடு இருக்காது, தாங்குசுவர்தான் இருக்கும். தறிக்குப் பாவு நூல் ஏற்றி வரும் வண்டி எப்படி உள்ளே திரும்பும்? சர்வீஸ் ரோடு வரைபடத்தில் இருக்கிறதா என்று இப்போதே நெடுஞ்சாலைத் திட்ட இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் தறிக்கூடத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள், புது 3ஏ வந்தால் ஆட்சேபத்திலும் அதையே எழுதுங்கள். நிலத்தைத் துண்டாடியதால் வரும் நஷ்டம், மீதிச் சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் பாதிப்பு, தொழிலை இடம் மாற்ற வேண்டி வந்தால் அதன் செலவு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே 1956 சட்டத்தின் 3ஜி பிரிவு சொல்கிறது. கேட்காதவருக்கு இதை யாரும் போட்டுத் தருவதில்லை. தறிகளின் மின்கட்டண ரசீது, கூலிக் கணக்கு, கூடத்தின் வரி ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

தொகை குறைவென்றால் பணத்தை வாங்க மறுக்காதீர்கள். “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு, நடுவரிடம் மனுச் செய்யலாம். நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். ஆயிரம் வேலைக்கு நடுவில் அவர் எப்போது உட்கார்ந்து விசாரிப்பார் என்பது பெரிய சோகம். இதற்கென்று தனி ஆளை நியமித்தால்தான் விடியும். ஆனாலும் கூடுதலாகத் தீர்ப்பானால் அந்தத் தொகைக்கு, நிலம் எடுத்த நாளிலிருந்து 9 சதவீத வட்டி உண்டு.

பட்டா உங்கள் பெயரில் தனியாக இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்று நீங்கள் எழுதவில்லை. கூட்டாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். உடன்பிறந்த அக்கா தங்கைகளின் பங்கைப் பேசி முடியுங்கள். பங்கில் தகராறு வந்தால் பணம் சிவில் கோர்ட்டுக்குப் போய்விடும், மகள் கல்யாணத்துக்கு இல்லை, பேத்தி கல்யாணத்துக்குக்கூட வெளியே வராது. தை மாதச் செலவுக்கு இந்த இழப்பீட்டை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். வங்கியில் நகைக்கடனோ தொழில் கடனோ வாங்கிச் சமாளித்துக்கொள்வது, 62 சென்டையும் அவசர விலைக்குத் தள்ளுவதை விடப் பலமடங்கு மேல்.

அந்தப் புரோக்கருக்கு ஏற்கெனவே ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். வெறும் பவர் என்றால், பதிவு செய்த அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் பதிந்து, அவருக்கும் நில எடுப்பு அதிகாரிக்கும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் நகல் அனுப்புங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் ரத்து அவ்வளவு சுலபமில்லை, பத்திரத்தோடு ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இழப்பீடு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும், அதற்கு நடுவில் எவர் கையெழுத்தும் தேவையில்லை.