அக்கா மன்னிக்க மறுக்கிறாள்: நாவலை எப்படி முடிப்பது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். 41 அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. அப்பாவின் வீட்டை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்ட தம்பியை, கடைசி அத்தியாயத்தில் அக்கா மன்னிக்க வேண்டும். நாவலைத் தொடங்கியதே அந்தக் காட்சிக்காகத்தான். ஏழு முறை எழுதிப் பார்த்துவிட்டேன், அவள் இணங்கவே மாட்டேன் என்கிறாள். படித்தால் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. அவளை அவள் போக்கில் விட்டுவிடலாமா? நாவல்களின் முடிவை மட்டும் சரிசெய்து தரும் ஒருவர் இருக்கிறாராம். பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் வேலை முடியும் என்று நண்பர் சொல்கிறார். போட்டிக்கு அனுப்ப இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. முதல், ஆறாம், கடைசி அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த ஒரு வாரக்காரரை மறந்துவிடுங்கள். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

ஏழு முறை எழுதியதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 1929-ல் வெளிவந்த தன் போர் நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொன்னார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-ல் வந்த பதிப்பில் 47 முடிவுகளை அச்சிட்டார்கள். அவ்வளவு என்ன சிக்கல் என்று பேட்டியாளர் கேட்டபோது, சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்றார். உங்கள் சிக்கல் வேறு. உங்கள் சொற்கள் நன்றாகவே இருக்கின்றன.

பாத்திரம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வதில் எழுத்தாளர்களுக்கு ஒரு பெருமை உண்டு. என் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று ‘லோலிடா’ எழுதிய நபகோவ் ஒரே போடாகப் போட்டார். நான் கொஞ்சம் அவர் பக்கம். உங்கள் அக்கா பேசுவது எல்லாம் நீங்கள் கொடுத்த வாய். அவள் மறுக்கிறாள் என்றால், நீங்களே எழுதிவிட்டு மறந்துபோன ஏதோ ஒரு பக்கம் குறுக்கே நிற்கிறது. கடைசி அத்தியாயத்தை எழுபது முறை எழுதினாலும் அந்தப் பக்கம் அதில் அகப்படாது.

தேட ஒரு எளிய வழி இருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தில் ‘ஏனோ’, ‘திடீரென்று’, ‘என்ன நினைத்தாளோ’, ‘தன்னையும் அறியாமல்’ வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஆசிரியர் முதுகில் கை வைத்துத் தள்ளும் இடங்கள் இவை. உங்கள் ஏழாவது வரைவில் ஒன்பது இருக்கின்றன. உச்சக்கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள்: “ஏனோ தெரியவில்லை, அவளையும் அறியாமல் அவள் கை தம்பியின் தலையை வருடியது.” காரணம் அவளுக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. படிப்பவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இப்போது முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். பூட்டிய வீட்டின் முன் அக்கா நிற்கிறாள். பழைய சாவி அவள் பையில் இருக்கிறது. தம்பி பூட்டை மாற்றியிருக்க மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் திறக்காமல் திரும்பிவிடுகிறாள். அருமையான தொடக்கம். அதைப் படித்தவன் மனதில் விழும் கேள்வி ‘மன்னிப்பாளா’ என்பதா? ‘ஏன் திறக்கவில்லை, எப்போது திறப்பாள்’ என்பதுதானே? ஆறாவது அத்தியாயத்தில் பையைக் கொட்டித் தேடும்போது சாவி ஒரு முறை தரையில் விழுகிறது. தம்பி மகள் எடுத்துக் கொடுக்கிறாள், அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். கடைசி அத்தியாயத்தில் சாவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் பக்கத்தில் கேட்டது ஒரு கேள்வி, கடைசிப் பக்கத்தில் சொல்ல நினைப்பது வேறொரு கேள்விக்குப் பதில். ஒரு குழந்தையின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியவள், இரண்டு வசனத்தில் இளகி அழுவாள் என்றால் எப்படி ஒட்டும்?

ஆகவே இரண்டு வழிகள். சாவியை மொத்தமாக எடுத்துவிடலாம். அது நஷ்டம், செய்யாதீர்கள். அல்லது கடைசிக் காட்சியில் சாவியை நடுவில் வைத்து, ‘மன்னிப்பு’ என்ற சொல்லே வராமல் எழுதிப் பாருங்கள். தம்பி எதிரில் இருக்கட்டும், பேச்சு வேறு எதைப் பற்றியாவது போகட்டும். அவள் கொடுப்பாளா, வைத்துக்கொள்வாளா, திறந்து உள்ளே போவாளா என்று முன்கூட்டி முடிவு செய்யாமல் உட்காருங்கள். மூன்று விதமாகவும் எழுதலாம், எப்படியும் ஏழு எழுதியவர்தானே. அவளை அவள் போக்கில் விடலாமா என்று கேட்டீர்களே, இந்த அளவுக்கு விடலாம். அவள் மன்னிக்காமலேகூட நாவல் முடியலாம். நாவலைத் தொடங்க வைத்த காட்சி நாவலில் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வீடு எழுப்பக் கட்டிய சாரத்தை யாரும் வீட்டோடு விட்டுவைப்பதில்லை.

சரி, அந்த ஒரு வாரக்காரர். நாவல் எடிட்டராக இருக்கும் எனக்கு இந்த ஆட்கள் திருத்திக் கொடுத்த பிரதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்றே வகைதான்: ஒரு சாவு, ஒரு கடிதம், அல்லது ‘பத்து வருடங்களுக்குப் பிறகு’. ஒரு பிரதியில் நாயகனின் பெயர்கூட மாறியிருந்தது, வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தார்கள். 41 அத்தியாயங்களையும் படிக்கவே ஒரு வாரம் போதாதே, எழுதுவது எப்போது? யாரிடமாவது பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரே ஒரு அத்தியாயத்தைக் கொடுங்கள். எங்கே தடுக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஓட்டம் போதாது, உணர்ச்சி போதாது’ என்று வந்தால் எந்த நாவலுக்கும் பொருந்தும், வேண்டாம். குறிப்பிட்ட பக்கத்தைக் காட்டிப் பேசினால் யோசிக்கலாம். எதிலாவது கையெழுத்துக் கேட்டால் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். பதிப்புரிமைப் பதிவுக்கு என்று தனியாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதியவருக்கு அந்த உரிமை பதிவு செய்யாமலேயே உண்டு.

நூறு கேள்விப் படிவம் விற்பவர்கள் இன்னொரு கூட்டம். உங்கள் பாத்திரத்துக்குப் பிடித்த நிறம் என்ன, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள்... நிரப்பினால் பாத்திரம் வசப்படுமாம். தம்பி மகளிடம் சாவியைப் பிடுங்கிய அந்த ஒரு வரி இந்தப் படிவம் முழுவதையும்விட மேல்.

போட்டி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு போட்டிக்கு முதல் சுற்று நடுவராக இருந்தேன். ஆளுக்கு ஒரு கட்டு நாவல், கொடுத்த நாட்களோ கொஞ்சம். பாதிப்பேர் முதல் ஐம்பது பக்கத்தோடு மதிப்பெண் போட்டார்கள். நானும் சிலவற்றுக்கு அப்படித்தான் போட்டேன், மறைப்பானேன். இதற்காகவா உங்கள் அக்காவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறீர்கள்? அடுத்த ஆண்டும் போட்டி வரும்.

முன் பக்கங்களிலும் கைவைக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் இதுவரை பேசினேன். அது முடியாத நிலை ஒன்று உண்டு. உங்கள் நாவல் எங்காவது தொடராக வந்துகொண்டிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. வந்தால், அச்சானது அச்சானதுதான், சாவியை எடுக்க முடியாது. அப்போது ஏற்கெனவே வெளியானதில் எதை நீங்கள் கண்ணால் காட்டவில்லை என்று தேட வேண்டும். கோனன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை, 1903-ல் திரும்பக் கொண்டுவந்தார். பழைய கதையில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கதை சொல்லும் நண்பர் வாட்சன் பார்த்தது காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும்தான், உடலைப் பார்க்கவில்லை. தொடர் எழுதுபவருக்கு இந்த மாதிரி இடைவெளிதான் மூச்சு. அதுவும் அகப்படாவிட்டால் கல்கி செய்தது இருக்கிறது. 1954-ல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்க, தனியாக ஒரு முடிவுரை எழுதி விளக்கினார். அதற்குக் கல்கியின் வாசகர்கள் வேண்டும் என்பது வேறு விஷயம். தொடர் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

மறுபடி எனக்கு அனுப்புவதாக இருந்தால் கடைசி அத்தியாயம் வேண்டாம். ஏழு முதல் நாற்பது வரை சாவி எங்கெங்கே வர வாய்ப்பிருந்தும் வராமல் போனது என்று ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள்.