நான்கு விடை உள்ள கணக்குக்கு நியூரல் நெட்வொர்க் ஏன் ஐந்தாவது விடை சொல்கிறது?

கேள்வி: (எக்ஸ்² + ஒய் − 11)² + (எக்ஸ் + ஒய்² − 7)² என்ற ஹிம்மல்பிளா சார்பு நான்கு இடங்களில் பூச்சியமாகிறது. 11, 7 இரண்டையும் லேசாக மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் நான்கு விடைகளையும் காட்டி நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினேன். எதைக் கேட்டாலும் (0, 0)-ஐ ஒட்டியே பதில் வருகிறது. லேயர்களைக் கூட்டியும் மாறவில்லை. எங்கே பிழை?

பதில்: நீங்கள் கேட்டதைத்தான் அது தருகிறது. ஒரே உள்ளீட்டுக்கு நான்கு விடைகளைக் காட்டி, பிழையின் வர்க்கத்தைக் குறைக்கச் சொன்னால், மிகக் குறைந்த பிழை வருவது அவற்றின் சராசரியில்தான். ஒய்-ஐ நீக்கிப் பாருங்கள்: எக்ஸ்⁴ − 22எக்ஸ்² + எக்ஸ் + 114 = 0. எக்ஸ்³ உறுப்பே இல்லை. ஆகவே மூலங்களின் கூடுதல் பூச்சியம். ஒய்க்கும் அப்படியே. நான்கு மூலங்களும் மெய்யெண்களாக இருக்கும்வரை 11, 7-ஐ எப்படி மாற்றினாலும் சராசரி (0, 0)தான். அங்கே சார்பின் மதிப்போ 121 + 49 = 170! லேயர் எத்தனை சேர்த்தாலும் இது தீராது; மாற்ற வேண்டியது இழப்புச் சார்பை, அதாவது பிழையை அளக்கும் விதத்தை.

கிறிஸ்டோபர் பிஷப் 1994-இல் முன்வைத்த கலவை அடர்த்தி நெட்வொர்க் இதற்குப் பொருந்தும். ஒரு புள்ளிக்குப் பதிலாகப் பல காஸியன் மேடுகளை (மணி வடிவ நிகழ்தகவு வளைவுகளை) அது வெளியிடும். நான்கு விடைக்கு ஆறு மேடு வையுங்கள். பயிற்சியில் ஒன்றிரண்டு எடை பூச்சியமாகிச் செத்துப்போகலாம். மேட்டுக்கு எடை 1, மையம் 2, அகலம் 1 என மொத்தம் 24 வெளியீடுகள். அகலத்துக்கு 0.01 போல ஒரு கீழ்வரம்பு கட்டாயம். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மேடு ஒரே தரவுப் புள்ளியின் மேல் ஊசியாகக் குறுகி, இழப்பு எதிர் முடிவிலியை நோக்கிச் சரிந்து பயிற்சி கெட்டுவிடும். கடைசியில் மேடுகளின் மையங்களைத் தனித்தனியாக எடுங்கள். எடையிட்டுக் கூட்டினால் மறுபடியும் (0, 0)தான். ஒவ்வொரு மையத்தையும் தொடக்கமாக வைத்து எல்-பிஎஃப்ஜிஎஸ் (சரிவைப் பார்த்துப் பள்ளத்தின் அடிக்கு இறங்கும் தேடல் முறை) ஓட்டி, சார்பின் மதிப்பு 10⁻⁶-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு சார்புக்கு மட்டும் என்றால் நெட்வொர்க்கே வீண்வேலை. −5 முதல் 5 வரை நூறு தற்செயல் தொடக்கங்களிலிருந்து எல்-பிஎஃப்ஜிஎஸ் ஓட்டினாலே நான்கும் கிடைக்கும். ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கில் தீர்க்க வேண்டியிருந்தால்தான் பயிற்சிச் செலவு கட்டுப்படியாகும்.

கேள்வி: எத்தனை விடை என்றே தெரியாதபோது, பல தொடக்கங்களிலிருந்து ஓட்டி வந்த புள்ளிகளை விடைவாரியாக எப்படிப் பிரிப்பது?

பதில்: புள்ளிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் முறைகளில் கே-மீன்ஸ் வேண்டாம்; குழுக்களின் எண்ணிக்கையை முதலிலேயே கேட்கும். டிபிஸ்கேன் முறை, எவ்வளவு தூரத்துக்குள் குறைந்தது எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கும். முதலில் மாறிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று மில்லிமீட்டரிலும் இன்னொன்று டன்னிலும் இருந்தால் தூரத்துக்குப் பொருளில்லை. தொடக்கங்களை இரட்டித்தும் புதிய குழு வரவில்லையென்றால் நிறுத்தலாம். ஆனால் அது நிரூபணமல்ல, குறுகிய பள்ளம் தப்பியிருக்கலாம். ஒரு குழு நீளமாக இழுபட்டிருந்தால், அங்கே ஹெஸியன் அணியின் (இரண்டாம் வகைக்கெழுக்களின் அணி) ஐகன் மதிப்புகளைப் பாருங்கள்; எந்தத் திசையில் எவ்வளவு வளைவு என்று அவை சொல்லும். ஒன்று பூச்சியத்தை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் தனிப் புள்ளியல்ல, தட்டையான பள்ளத்தாக்கு. அதில் விடைகளை எண்ண முடியாது.