யார் பதில் சொல்வது?

அன்புள்ள ஐயா,

பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் லிவிங் வில் எனப்படும் வாழும் உயில் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். எனக்கு 29 வயது, நோய்நொடி இல்லை. எழுதி வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன்; அழுதுவிட்டாள். இது முதியவர்களுக்கு உரியதுதானே? எனக்கு இப்போதே தேவையா? வக்கீல் வேண்டுமா, எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வக்கீலும் படிவமும் நாட்டுக்கு நாடு மாறும். அரை நாள் விசாரித்தால் தெரிந்துவிடும், அதை விடுங்கள். "முதியவர்களுக்கு உரியதுதானே" என்கிறீர்களே, அதற்காகத்தான் உங்களைக் கடிந்துகொள்கிறேன்.

நினைவு திரும்பாதவருக்குச் சிகிச்சையைத் தொடர்வதா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறிய மூன்று பெரிய வழக்குகளைப் பாருங்கள். நினைவிழந்தபோது கேரன் ஆன் குவின்லனுக்கு வயது 21. நான்சி குரூசனுக்கு 25. டெர்ரி ஷியாவோவுக்கு 26. மூவருமே எதையும் எழுதி வைக்கவில்லை. முதிய உடல் பெரும்பாலும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இளம் உடல் லேசில் விடாது. மூளை சிதைந்த பிறகும் இதயம் ஆண்டுக்கணக்கில் துடிக்கும். குவின்லனை 1976-இல் வென்டிலேட்டரிலிருந்து எடுத்தார்கள். தானாகவே மூச்சுவிட்டபடி 1985 வரை கிடந்தார். ஷியாவோ கிடந்தது 15 ஆண்டுகள். குழாய் வழியே உணவைத் தொடர்வதா என்று கணவர் ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம். எப்போதோ பேச்சுவாக்கில் ஷியாவோ சொன்னதை உறவினர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி நினைவுகூர வேண்டியிருந்தது. வயது குறைவு என்பதால்தான் உங்களுக்கு இந்தத் தாள் அவசியம் என்கிறேன்.

என் அண்ணனுக்கு 34 வயதில் மூளையில் ரத்தக்கசிவு. பன்னிரண்டாம் நாள் மருத்துவர் எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரைத் தொடரலாமா என்று கேட்டுவிட்டு, "அவரால் பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "தொடருங்கள்" என்றாள் அம்மா. அண்ணி எதுவும் பேசாமல் சம்மதப் படிவத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். அவர் கையெழுத்திட்டபோது அந்த ஓரம் கிழிந்திருந்தது. அண்ணன் அதன்பின் ஐந்து மாதம் இருந்தான். கண் திறக்கவில்லை. அவன் விரும்பியதைத்தான் செய்தோமா என்று அண்ணி இன்றும் என்னிடம் கேட்கிறார்.

உங்கள் மனைவி அழட்டும். அதற்காகப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். சாவிலிருந்து தொடங்காமல், "என்னால் பேச முடியாதபோது எனக்காக நீ பேசுவாயா?" என்று கேளுங்கள். அந்தத் தாளில் சிகிச்சைகளின் பட்டியலைவிட, உங்களுக்காகப் பேச வேண்டியவரின் பெயர்தான் முக்கியம். எந்த நிலைவரை உங்களுக்கு அது வாழ்க்கை என்பதை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். கடைசிவரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்றால் அதையும் எழுதலாம். நீங்கள் சுயநினைவோடு பேசும்வரை அந்தத் தாளுக்கு வேலையே இல்லை. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், மனைவி கையில் ஒரு பிரதி இருக்கட்டும். அப்படியே அவருடையதையும் எழுதச் சொல்லுங்கள்.

அண்ணி தன்னுடையதை எழுதிப் போன மாதம் என்னிடம் கொடுத்தார். தனக்காகப் பேச வேண்டியவர் என்று என் பெயரை எழுதியிருக்கிறார்.