மூங்கில் தெப்பம் என்றால் எல்லாம் ஒன்றா?

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் சீனாவில், குவாங்சோவில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், மாமியார். அங்கிருந்து குய்லின் போய் லி ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாமியாருக்குத் தண்ணீர் என்றால் பயம், கணவரோ "அதெல்லாம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார். ஏஜென்ட், எந்தத் தெப்பமும் ஒன்றுதான் என்கிறார். எதில் போகலாம்?

பதில்: ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். லி ஆற்றில் யாங்டியிலிருந்து ஷிங்பிங் பக்கமாகப் போகிறதே, அது பெயருக்குத்தான் மூங்கில் தெப்பம். பருத்த பிவிசி குழாய்களைச் சேர்த்துக் கட்டி, பின்னால் மோட்டார் வைத்திருப்பார்கள், ஒன்றில் நாலு பேர். மலைகள் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை. பாறையில் குதிரை உருவங்கள் தெரியும் ஒன்பது குதிரை மலையில் உங்கள் பையன் குதிரைகளை எண்ணிக்கொண்டே வருவான். ஆனால் காதுக்குப் பக்கத்தில் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது இதுவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

நிஜ மூங்கிலில் போகவேண்டுமானால் யாங்ஷுவோ என்ற ஊர்ப் பக்கத்தில் ஓடும் யூலோங் ஆற்றுக்குப் போங்கள். லி ஆற்றில் வந்து சேரும் துணையாறு, சின்னது. மோட்டார் கிடையாது, ஆள் நின்று நீளக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். இரண்டு நாற்காலி, மேலே ஒரு குடை, அவ்வளவுதான் தெப்பம். மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும், அதனால் ஷூ வேண்டாம், செருப்பு போதும். வழியில் சின்னச் சின்னத் தடுப்பணைகள் வரும். தெப்பத்தின் மூக்கு சரிந்து, ஒரு நொடி முன்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் போய் மேலே வரும். அந்த நேரத்தில் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்வார்கள், தூக்கினாலும் நனையத்தான் செய்யும், போனை உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜின்லோங் பாலத்திலிருந்து ஜியுஷியன் வரையுள்ள மேல்பகுதியில் இந்தச் சரிவுகள் அதிகம், பையனுக்கு அதுதான் பிடிக்கும். கோங்நோங் பாலத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் ஆறு சாதுவாகப் போகும்.

ஒரு தெப்பத்தில் இரண்டு பேர்தான் என்பதால் யார் யாரோடு உட்காருவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், துறையில் நின்று பேசினால் சண்டைதான் வரும். பையன் உங்களோடு. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், டிக்கெட் எடுக்கும்முன் போகிறவர்கள் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மாமியார் விஷயத்தில் நான் அவர் பக்கம். உட்கார்ந்தபின் பயம் போகாவிட்டால் ஆற்று நடுவில் இறங்க முடியுமா என்ன? அவரைத் தெப்பத்தில் ஏற்றாதீர்கள், உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். குய்லினிலிருந்து யாங்ஷுவோவுக்குப் பெரிய கப்பல் போகிறது, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். உள்ளே ஹால் மாதிரி இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கலாம், தண்ணீர் காலில் படாது. அதற்கு அவர் சம்மதித்தால் எல்லோருமே அதில் யாங்ஷுவோ வந்து சேருங்கள், லி ஆற்று மலைகளை அதிலேயே பார்த்தாயிற்று, மோட்டார் தெப்பத்துக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. மறுநாள் காலை முதல் நேரத்துக்கு யூலோங். அப்போது உங்கள் கணவர் அம்மாவோடு கரையில் இருக்கட்டும், ஆற்றோரம் நடக்க நல்ல பாதை இருக்கிறது. ஆசை உங்களுடையதுதானே, நீங்களும் பையனும் போய்விட்டு வாருங்கள்.

சீனாவின் 20 யுவான் நோட்டின் பின்பக்கம் இருக்கும் மலைக்காட்சி ஷிங்பிங் அருகேதான். அதைப் பார்க்கத் தெப்பமே வேண்டாம், கரையில் நின்று நோட்டைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செலவுக்கு நோட்டை நம்பாமல், ஊரில் இருக்கும்போதே அலிபே என்ற போனில் பணம் கட்டும் செயலியில் உங்கள் கார்டைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம், அந்த வாரம் முழுக்க நாடே விடுமுறையில் ஊர் சுற்றும். ரயில் டிக்கெட், ஓட்டல், தெப்பம் எல்லாவற்றுக்கும் அடிதடி. தம்பி வீட்டில் முதலில் தங்கிவிட்டு, 10ஆம் தேதிக்குமேல் குய்லின் கிளம்புங்கள்.