சேனல் தெரிந்தும் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: அனுப்பும் பக்கம் 4 ஆண்டெனா, பெறும் பக்கம் 4. டிரான்ஸ்மிட்டருக்குச் சேனலை (இடையிலுள்ள ரேடியோ பாதைகள் சிக்னலை எப்படி மாற்றுகின்றன என்பதை) முழுசாகச் சொல்லி, வாட்டர்ஃபில்லிங் முறையில் (வலுவான பாதைக்கு அதிகம், பலவீனமானதற்குக் குறைவு என்று) பவரைப் பிரித்தும், 25 டெசிபல் எஸ்என்ஆரில் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) சமமாகப் பிரித்ததைவிட அதிகம் கிடைக்கவில்லை. நிரலில் பிழையா? ரிசீவர் சேனலை அளந்து திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக்கே வீணா?

பதில்: பிழை இருக்காது. 4-க்கு 4 அமைப்பில் 25 டெசிபலில் அப்படித்தான் வரும். பவரை நீராக நினையுங்கள், வலுவான பாதைதான் ஆழமான பள்ளம். குளம் நிரம்பிக் கிடக்கும்போது அடியில் உள்ள மேடுபள்ளம் ஒரு பொருட்டே இல்லை. எங்கும் ஏறக்குறைய ஒரே ஆழம். அதையே 0 டெசிபலுக்கு இறக்கிப் பாருங்கள். நீர் வற்றி ஆழமான பள்ளத்தில் மட்டும் தேங்குவதுபோல, பவர் வலுவான ஓரிரு பாதைகளில் குவியும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து ரிசீவர் ஆண்டெனாவை 2 ஆகக் குறையுங்கள். சேனல் தெரியாமல் 4 திசையிலும் சமமாக அனுப்பினால், பாதி பவர் ரிசீவர் காதில் விழவே விழாத திசைகளுக்குப் போய்விடும். தெரிந்தால் அந்தப் பாதியும் மிச்சம். பயன்படும் பவர் இருமடங்கு, அதாவது 3 டெசிபல். எஸ்என்ஆர் அதிகமாக இருக்கையில் ஒரு ஹெர்ட்சுக்கு நொடிக்கு 2 பிட் கூடுதல்.

ஒரே நேரத்தில் பல பயனர்களுக்கு அனுப்பும்போதுதான் ஃபீட்பேக்கின் உண்மையான மதிப்பு தெரியும். ஒருவருக்கான சிக்னல் மற்றவர் மேல் விழாமல் திருப்ப, சேனல் தெரிந்தே ஆகவேண்டும், அதுவும் துல்லியமாக. இப்படி மற்றவர் மேல் விழுவதைப் பூஜ்யமாக்கும் ஜீரோஃபோர்சிங் முறையில் இழப்பை 3 டெசிபலுக்குள் நிறுத்த எத்தனை ஃபீட்பேக் பிட் வேண்டும் என்று ஆய்வாளர் நிஹார் ஜிந்தல் 2006-இல் காட்டினார்: அனுப்பும் ஆண்டெனா எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, எஸ்என்ஆரின் டெசிபலால் பெருக்கி, 3-ஆல் வகுக்க வேண்டும். ஆண்டெனா 4, எஸ்என்ஆர் 20 டெசிபல் என்றால் பயனருக்கு 20 பிட். எஸ்என்ஆர் ஏற ஏற இதுவும் ஏறும்.

உங்கள் சிமுலேஷனில் தாமதம் இருக்கிறதா? தாமதத்தைப் பூஜ்யமாக வைத்து வரைந்த கிராஃபை நான் நம்புவதில்லை. 2 கிகாஹெர்ட்சில் அலைநீளம் 15 செ.மீ. ஃபீட்பேக் வந்துசேர 5 மில்லிசெகண்ட் ஆனால், மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடப்பவர் அதற்குள் 4 மி.மீ. நகர்ந்திருப்பார், பழைய தகவலே போதும். 60 கி.மீ. வேகத்தில் போகும் காரோ 8 செ.மீ. கடந்திருக்கும். அரை அலைநீளத்துக்கு மேல்! சிதறல் நிறைந்த சூழலில் கையில் இருப்பது காலாவதியான சேனல். அங்கே நொடிக்கு நொடி மாறும் மதிப்பைத் துரத்தாமல், மெதுவாக மாறும் கோவேரியன்ஸை (எந்தத் திசைகள் சராசரியாக வலுவானவை என்ற புள்ளிவிவரத்தை) வைத்து பீமை, அதாவது சிக்னல் கற்றையை, திருப்புங்கள்.

டிடிடி முறை (போக்கும் வரத்தும் ஒரே அலைவரிசையில் மாறிமாறி நடப்பது) என்றால், பயனரிடமிருந்து வரும் அப்லிங்க்கை அளந்தே பயனருக்குப் போகும் டவுன்லிங்க் சேனலை அறியலாம், பிட் செலவே இல்லை. ஆனால் காற்றில் உள்ள பாதைதான் இரு திசையிலும் ஒன்று. ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர் எல்லாம் போகும்போது வேறு, வரும்போது வேறு. அந்த வித்தியாசத்தை அளந்து ஈடுகட்டும் காலிப்ரேஷனை விட்டுவிடாதீர்கள்.